மூன்றாவது ஓலை

நவம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

போன கடிதத்தில் உன் வீட்டுக்காரியின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தேன். நீ வானிலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். இன்ஜின் ஓட்டுகிறவனுக்குத் தண்டவாளம் மட்டும்தான் கண்ணில் படும் போலிருக்கிறது. உன் மகள் வக்கீலம்மா கல்லூரிக்கு ஒழுங்காகப் போகிறாளா, இல்லை அங்கேயும் வாத்தியார்களோடு வாதாடுகிறாளா? அத்தை கேட்டதாகச் சொல்.

இங்கே திருவருகைக் காலத்துக்கான வேலைகள் ஆரம்பித்துவிட்டன. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அந்த நான்கு ஞாயிறுகளும் வந்தால் ஆஸ்பத்திரி வேலை போக எனக்குக் கோயில் வேலையும் தலைக்கு மேல். ஊதா நிறப் பூசை உடுப்பை வெளியே எடுத்தேன். தோள்பட்டையில் பூச்சி அரித்து விரல் நுழைகிற அளவு ஓட்டை. உள்பக்கம் துணி வைத்துத் தைத்திருக்கிறேன், ஃபாதர் கையை ரொம்ப உயர்த்தாதவரைக்கும் வெளியே தெரியாது. ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுகிற மெழுகுவர்த்திகளில் மூன்று நன்றாக இருக்கின்றன. ரோஜா நிறத்தது மட்டும் வெயில் காலத்தில் அலமாரியிலேயே உருகி முழங்கை மாதிரி மடங்கிவிட்டது. பாடகர் குழுவை நடத்துகிற கண்ணாடி டீச்சர், "அதையே ஏத்துங்க, மூணாவது ஞாயிறு எல்லாரும் தலையைச் சாய்ச்சு வச்சுக்குவோம்" என்கிறாள்.

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் புது இயந்திரம் வந்திருக்கிறது. பழையதைவிடச் சத்தம் குறைவாம். எனக்குப் பழையதும் இப்போது அமைதியாகத்தான் இருக்கிறது.

சரி. இனியும் சுற்றி வளைத்தால் தாள் தீர்ந்துவிடும்.

ஆகஸ்டில் இரண்டு ஞாயிறு எனக்குக் கோயிலில் எதுவும் கேட்கவில்லை. வாசகம், பிரசங்கம், பாட்டு, ஒன்றும் இல்லை. ஃபாதரின் வாய் மட்டும் அசைந்தது. மிச்சமிருந்த காதும் போய்விட்டது என்று பயந்து எங்கள் ஆஸ்பத்திரிக் காது டாக்டரிடம் போனேன். அவர் சோதித்துவிட்டு, "அப்படியேதாம்மா இருக்கு, புதுசா ஒண்ணும் கெடல" என்றார். அடுத்த ஞாயிறு போய் உட்கார்ந்தால் எல்லாம் மறுபடி கேட்கிறது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்த இரண்டு வாரமும் எங்கள் கோயில் மைக்செட்காரர் வயிற்று ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தார். அவர் இடத்தில் வேறு ஒருவர் இருந்தார்.

பூசை முடிந்து எல்லாரும் போனபிறகு என் பெஞ்சைச் சுற்றித் தேடினேன். பக்கத்துத் தூணில், சிலுவைப்பாதைப் படத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி. என் இடத்தைத் தவிர வேறு எங்கும் பார்க்காமல் திரும்பியிருந்தது. அதற்குத் தனிச் சுவிட்ச். புதிதாக வந்தவருக்கு அது தெரியவில்லை.

மைக்செட்காரர் வயர் சுற்றிக்கொண்டிருந்தார். நேரே போய்க் கேட்டேன்.

"இதை எப்ப வச்சீங்க?"

"ரொம்ப நாளாச்சு."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லல. வாசகம் முடிஞ்சு எல்லாரும் 'இறைவா உமக்கு நன்றி'ன்னு சொல்லும்போது நீங்க மட்டும் ஒரு நொடி பிந்திச் சொல்லுவீங்க. பக்கத்துல இருக்கிறவங்க வாயைப் பார்த்துட்டுச் சொல்றீங்கன்னு தெரிஞ்சுது."

தம்பி, நான் பிந்திச் சொல்வது எனக்கே தெரியாது.

"வேற எங்கெல்லாம் எனக்காகப் பெட்டி வச்சிருக்கீங்க?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் வயரைச் சுற்றி முடித்துவிட்டு, "கோயில்ல மட்டும்தான் வைக்க முடிஞ்சுது. வீட்டுல பெட்டி வேண்டாம். நானே கேட்கிற மாதிரி பேசுவேன்" என்றார்.

அதுதான் அவர் என்னைப் பெண் கேட்டது. நான் யோசிக்க நாள் எடுத்துக்கொண்டேன், பிறகு சரி என்றேன். அவருடைய மனைவி இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. குழந்தைகள் இல்லை. பழைய ரேடியோ, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி எல்லாம் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். பங்குக் கோயில் மொத்தத்தையும் பேச வைக்கிறவர், தான் மட்டும் பேசமாட்டார்.

வருகிற ஞாயிறு பூசையில் எங்கள் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை. அப்புறம் இன்னும் இரண்டு ஞாயிறு வாசிப்பார்கள். திருவருகைக் காலம் பிறந்துவிட்டால் எங்கள் பங்கில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால், அதற்கு முந்திய சனிக்கிழமை காலையில் வைத்திருக்கிறோம். நீதான் என் கையைப் பிடித்துப் பீடம்வரை கூட்டிக்கொண்டு போக வேண்டும். அப்பா இல்லை. நீ இருக்கிறாய்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீ ஒன்று சொல்ல, எனக்கு வேறொன்று கேட்க, கடைசியில் இருவரும் "சரி சரி" என்று வைத்துவிடுவோம். இது அப்படி வைத்துவிடுகிற விஷயம் இல்லை.

உன் அக்கா


நவம்பர் 6

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. விவரம் அறிந்தேன்.

எனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. ஆட்சேபணை சொல்ல நான் யார்? தாங்கள் எல்லாவற்றையும் முடிவு செய்து, தேதி குறித்து, ஃபாதரிடம் பேசி, ஓலையும் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். எனக்குத் தெரிவித்ததற்கு நன்றி.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தங்கள் கடிதம் வருவதற்கு முதல் நாள் நான் டிரைவர்கள் ஓய்வறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வண்டியின் கார்டு வந்து முதுகில் தட்டி, "என்னப்பா, அக்காவுக்குக் கல்யாணமாமே, ஒரு வார்த்தை சொல்லல?" என்றார். அவர் மனைவி தங்கள் கண்ணாடி டீச்சருக்கு ஏதோ உறவாம். நான் சிரித்துக்கொண்டே, "எங்க அக்காவுக்கா? வேற யாராவது இருக்கும், நல்லா விசாரிங்க" என்றேன். அறையில் இருந்தவர்கள் எல்லாம் என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். மறுநாள் வீட்டுக்கு வந்தால் மேசையில் தங்கள் கடிதம்.

மாதக் கடைசியில் சரக்கு வண்டிகள் அதிகம். விடுப்புக் கிடைக்குமா என்று சொல்ல முடியாது. கிடைக்காவிட்டால் தாங்கள் எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தம்பி

மழைக்கோட்டு வாங்கினாயா, இல்லை போன வருடம் கிழிந்ததையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாயா?


நவம்பர் 10

என் மரியாதைக்குரிய தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் மின்சார ஆபீசிலிருந்து வந்ததோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்தே உனக்குக் கோபம் வந்தால் மரியாதையும் கூடவே வந்துவிடும். ஒரு தடவை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "நீங்களே சாப்பிட்டுக்குங்க" என்றாய். அப்போது உனக்கு முன்பல் விழுந்திருந்தது. "தாப்பிட்டுக்குங்க" என்றுதான் வந்தது. நான் சிரித்ததற்கு இரண்டு நாள் பேசவில்லை.

மழைக்கோட்டு வாங்கிவிட்டேன். கடைசி வரியில் "வாங்கினாயா" என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் பலமுறை படித்தேன்.

உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதில் வாதமே இல்லை. எழுத உட்கார்ந்தேன், கிழித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். வளர்த்த பிள்ளையிடம் போய் "எனக்குக் கல்யாணம்" என்று எப்படிச் சொல்வது? எந்த வார்த்தையில் ஆரம்பித்தாலும் வெட்கமாக இருந்தது. அதற்குள் ஓலைக்குப் பெயர் கொடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டது. கண்ணாடி டீச்சர்தான் அதை எழுதுகிறவள். அவள் வாயில் விழுந்தது தந்தி அடித்த மாதிரி. உன்னை நாலு பேர் முன்னால் அசடாக்கிவிட்டேன். மன்னித்துவிடு.

நேற்று முதல் ஓலை வாசித்தார்கள். அதற்கு முன்னால் ஒரு கூத்து. பங்குப் பேரவைச் செயலாளர், அந்த மீசைக்காரர், வெள்ளிக்கிழமை உடுப்பு அறைக்கு வந்து நின்றார். நான் பீடத் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்த வயசுல ஓலை வாசிச்சு ஊரைக் கூட்டணுமா? ஃபாதர்கிட்ட சொல்லி அதுக்கு விலக்கு வாங்கிட்டு, ஒரு நாள் காலைப் பூசையோட பூசையா முடிச்சுட்டா என்ன?"

"எந்த வயசுல வாசிச்சா சரியா இருக்கும்? சொல்லுங்க, அந்த வயசுக்குத் திரும்பிப் போயிட்டு வர்றேன்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டு போய்விட்டார். தம்பி, இத்தனை வருடம் யார் யாருடைய ஓலையோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். என்னுடையதை மட்டும் எதற்காகக் காதோடு காதாகச் சொல்ல வேண்டும்? அதுவும் என் காதோடு?

பூசை முடிவில் ஃபாதர் வாசித்தார். என் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர். அப்புறம் அவர் பெயர். தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும் என்று முடித்தார். என் பெயர் வரும்போது மைக்செட்டில் இருந்த அவர் பதற்றத்தில் சத்தத்தைக் கூட்டிவிட்டார் போலிருக்கிறது, முன்வரிசைப் பிள்ளைகள் துள்ளி எழுந்துவிட்டன. அப்பாவின் பெயரைக் கோயிலில் கேட்டு எத்தனை காலமாயிற்று! வெளியே வந்ததும் பாடகர் குழுப் பெண்கள் சூழ்ந்துகொண்டு என் கன்னத்தைக் கிள்ளினார்கள். அறுபதை நெருங்குகிற கன்னம், கிள்ளுவதற்கு நிறைய இடம் இருக்கிறது.

ஆனால் உன் கோபம் கார்டு சொன்னதற்காக மட்டும் இல்லை. எனக்கு உன்னைத் தெரியும். என்ன என்று சொல்.

அக்கா


நவம்பர் 13

அக்கா,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் சமையலறைக்கு அடுத்து ஒரு காலி இடம் இருந்ததே, நீ போன முறை வந்தபோது துணி காயப்போட்டாயே, அங்கே ஓர் அறை கட்டியிருக்கிறேன். உனக்குத்தான். கீழேயே இருக்கட்டும், மாடி ஏற வேண்டாம் என்று பார்த்துப் பார்த்துக் கட்டினேன். கிழக்கே பெரிய ஜன்னல். பக்கத்திலேயே குளியலறை, தரை வழுக்காத கல், சுவரில் இரண்டு பக்கமும் கைப்பிடி. வாசல் மணியை அடித்தால் உன் அறையில் ஒரு விளக்கு எரியும். அதற்கு நானே வயர் இழுத்தேன். அடுத்த வருடம் நீ ஓய்வு பெற்றதும் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது கதவைத் திறந்து காட்டலாம் என்று, வீட்டில் எல்லாரையும் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னேன். வக்கீலம்மாவால்கூட வாயை மூட முடிந்தது, பார்த்துக்கொள்.

அம்மாவும் அப்பாவும் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நீ படிப்பை விட்டுவிட்டு அந்தச் சலவைப் பிரிவின் இரைச்சலில் போய் நின்றாய். சாயங்காலம் வந்ததும் நான் பேசுவது உனக்குக் கேட்காது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்கும். நாளாக நாளாக அந்தக் கொஞ்ச நேரம் நீண்டுகொண்டே போயிற்று. அது எதனால் என்று எனக்குத் தெரியாதா? இந்த ஓர் அறையாவது கட்டிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். உன் கடைசிக் காலம் என் வீட்டில்தான் என்று மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன்.

இப்போது யாரோ ஒரு மைக்செட்காரர் தூணில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டாராம், நீ அவரோடு போகிறாய். நான் ஓர் அறையே கட்டியிருக்கிறேன்.

பொறாமை என்று வீட்டுக்காரி சொல்கிறாள். இருக்கட்டும்.

தம்பி


நவம்பர் 17

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தை வேலையில் இருக்கும்போது பிரித்திருக்கக் கூடாது. போர்வைகளைச் சுருக்கம் எடுக்கிற உருளையின் முன்னால் நின்று படித்தேன். அழுதேன். ஆவி அடித்துக் கண் கலங்கியதாகப் பக்கத்துப் பெண் நினைத்துக்கொண்டாள். வாசல் மணிக்கு விளக்கு என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்துக்கு வந்தபோது முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன். இந்தத் தடவை கோபம் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். இனி உன்னிடம் எதையும் மறைப்பதில்லை.

குளியலறையில் எதற்குக் கைப்பிடி? நான் இன்னமும் ஈரப் போர்வை மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குகிறேன். பீடத்துக்கு மேலே ஏணி போட்டு ஒட்டடை அடிப்பது யார்? நான் ஒரு கிழவி, கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள், இனி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டியவள் என்று நீயாகவே தீர்மானித்துச் சுவர் எழுப்பிவிட்டாய். ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை.

பிறகு யோசித்தேன். அவரும்தானே என்னைக் கேட்காமல் பெட்டி வைத்தார்? அப்போது ஏன் எனக்குக் கோபம் வரவில்லை? நேற்று முழுவதும் இதையே போட்டு உருட்டினேன். எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்து. நான் ஓய்ந்து உட்கார ஓர் இடம் வேண்டும் என்று நீ நினைத்தாய். நடப்பது எதையும் நான் தவறவிடக் கூடாது என்று அவர் நினைத்தார். இரண்டும் பாசம்தான். ஆனால் எனக்கு இன்னும் ஓய்வு வரவில்லை, தம்பி. எனக்கு இன்னும் கேட்க வேண்டும்.

நேற்று இரண்டாவது ஓலையும் ஆயிற்று. என் பெயர் வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை. நீ அந்த அறையின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரியே கண்ணில் நின்றது. பூசை முடிந்ததும் ஃபாதரிடம் போய், மூன்றாவதை இப்போது வாசிக்க வேண்டாம், நிறுத்தி வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். "யாராவது தடை சொன்னாங்களா?" என்றார். "இல்ல ஃபாதர், தம்பிக்கு மனசு சரியில்ல. அவன் மனசு சரியில்லாம நான் பீடத்துக்கு நடக்கமாட்டேன்" என்றேன். இந்த ஞாயிறு வாசிக்காவிட்டால் திருவருகைக் காலம் வந்துவிடும், கிறிஸ்துமஸ் முடிய வேண்டும், அப்புறம் பார்க்கலாம்.

அவரிடமும் சொன்னேன். "சரி. வரப்போறது காத்திருக்கிற காலம்தானே" என்றார். வருத்தமே இல்லாத மாதிரி. ஆனால் பேசிக்கொண்டே மைக் வயரைச் சுற்றினவர், முழுக்கச் சுற்றின பிறகுதான் மைக்கையும் உள்ளே வைத்துச் சுற்றிவிட்டதைப் பார்த்தார்.

அந்த அறையை வக்கீலம்மாவுக்குக் கொடு. புத்தகம் வைக்க இடமில்லை என்று அவள் போன வருடமே என்னிடம் புலம்பினாள். கிழக்கு ஜன்னல் இருந்தால் காலையிலாவது எழுந்திருப்பாள்.

அக்கா


நவம்பர் 23, ஞாயிறு

டேய்,

இன்று கிறிஸ்து அரசர் பெருவிழா. வெள்ளை உடுப்பு, சுற்றுப்பிரகாரப் பவனி, கூட்டம். நான் பாட்டுக்கு என் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அறிவிப்புகள் நேரம். தூபக்கால் கரி தீர்ந்துவிட்டதே என்ற யோசனையில் இருந்தேன். திடீரென்று என் காதுப் பக்கத்தில் என் பெயர். அப்பா பெயர். அம்மா பெயர். மூன்றாவதும் கடைசியுமான முறை என்று ஃபாதர் நிதானமாக வாசிக்கிறார். நான் எழுந்து நின்றேவிட்டேன்! கோயிலே திரும்பிப் பார்த்தது. தடை சொல்ல எழுந்த மணப்பெண் என்று மீசைக்காரர் நினைத்திருப்பார். கண்ணாடி டீச்சர் என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள்.

முடிந்ததும் ஃபாதரைப் பிடித்தேன். "நான் நிறுத்தச் சொன்னேனே ஃபாதர்?" "தம்பி மனசு சரியில்லைன்னுதானே நிறுத்தச் சொன்னீங்க? தம்பி நேத்து நேர்ல வந்து சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டார்" என்கிறார். நீ! நேற்று! இங்கே! நான் ஆஸ்பத்திரியில் மதிய வேலையில் இருந்தபோது! என்னைப் பார்க்காமலேயே போயிருக்கிறாய். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் கேட்டால், "தம்பி சொல்லுவார்" என்று வாயை மூடிக்கொள்கிறார். நீ ஏணியைப் பிடித்தாயாம், அது மட்டும் வெளியே வந்தது.

மறுபடியும் என்னைக் கேட்காமலேயே ஒரு காரியம் செய்திருக்கிறாய். இந்த ஒரு தடவை விடுகிறேன்.

என்ன நடந்தது என்று உடனே எழுது. இல்லாவிட்டால் நானும் உன்னை "தாங்கள்" என்று எழுத ஆரம்பித்துவிடுவேன்.

அக்கா


நவம்பர் 25

அன்புள்ள அக்கா,

"டேய்" என்று ஆரம்பித்த கடிதம் வந்து எவ்வளவு காலம் ஆயிற்று! அதை வீட்டுக்காரியிடம் காட்டினேன். "இப்பதான் முகத்துல ரத்தம் ஓடுது" என்றாள்.

உன் பதினேழாம் தேதிக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு நான் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அம்மாவும் மகளும் படித்துவிட்டு எனக்காகக் காத்திருக்கிறார்கள்.

"அப்பா, அத்தைகிட்ட கேட்டீங்களா?" என்றாள் வக்கீலம்மா.

"என்ன கேட்கணும்?"

"இங்க வந்து இருக்கியான்னு. அந்த அறையோட கதவு எந்தப் பக்கம் திறக்கணும்னு கொத்தனார்கிட்ட ரெண்டு தடவை கேட்டீங்க. அத்தைகிட்ட ஒரு தடவை கேட்டீங்களா?"

வீட்டுக்காரி அவளை அடக்குவாள் என்று பார்த்தேன். அவள், "கேள்வி நியாயமாத்தானே இருக்கு" என்று ரொட்டியை என் பக்கம் தள்ளிவைத்தாள்.

வேறொரு டிரைவரோடு முறையை மாற்றிக்கொண்டு, வேலை முடிந்த கையோடு சனிக்கிழமை வந்தேன். உண்மையைச் சொல்கிறேன், சமாதானமாக வரவில்லை. அந்த மனிதரை நேரில் பார்த்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் வந்தேன். கோயில் திறந்திருந்தது. அவர் ஏணியின் உச்சியில் நின்று பெரிய ஸ்பீக்கருக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஏணி ஆடிற்று. சண்டை போட வந்தவன் முதலில் ஏணியைப் பிடிக்க வேண்டியதாயிற்று. விழுந்துவிட்டால் யாரிடம் சண்டை போடுவது?

"நீங்க இன்ஜின் தம்பிதானே?" என்றார் மேலிருந்தே. "முகம் அப்படியே அவங்க முகம்."

இறங்கி வந்தார். "அந்தப் பெட்டி எங்க இருக்கு?" என்றேன். காட்டினார். உன் இடத்தில் உட்கார்ந்தேன். அவருடைய கருவிப் பையில் கிடந்த பஞ்சை வாங்கி இரண்டு காதிலும் நன்றாக அடைத்துக்கொண்டேன். அவர் என்னமோ சொன்னார், கேட்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது. அக்கா, நீ சாயங்காலம் வேலையிலிருந்து வந்து என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே, அது நினைவுக்கு வந்துவிட்டது.

அவர் பீடத்துக்குப் போய் மைக் முன்னால் நின்றார். அப்புறம் அந்தப் பெட்டியிலிருந்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அவர் குரல் வந்தது.

"தம்பி, நீங்க வேண்டாம்னு சொன்னா நான் அவங்களைக் கட்டாயப்படுத்தமாட்டேன். கேட்கவும் மாட்டேன். ஆனா இந்தப் பெட்டியை மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க. கல்யாணம் நடந்தாலும் நடக்காட்டியும் இது இங்கதான் இருக்கும்."

நான் பஞ்சை எடுத்தேன். அதற்கு மேல் எனக்குக் கேட்க எதுவும் இல்லை. நேரே போய் ஃபாதர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

உன்னைப் பார்க்காமல் வந்தது திரும்பும் வண்டிக்கு நேரமாகிவிட்டதால் என்று சொல்லலாம். அது பாதிதான். பார்த்திருந்தால் அழுதிருப்பேன். யூனிபார்மில் இருந்தேன்.

விடுப்புக் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மூவரும் வருகிறோம். அறையில் வக்கீலம்மா புத்தகங்களை அடுக்கிவிட்டாள். கைப்பிடிகளைக் கழற்றலாமா என்று கேட்டேன். "வேண்டாம், துண்டு போட வசதியா இருக்கு" என்கிறாள்.

தம்பி


டிசம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் வண்டி ஏறிப் போனபிறகு நடந்ததை எழுதுகிறேன். நீ பார்த்ததை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்று சொல்லாமல் விடமுடியாது. பீடத்துக்கு அப்படியா இழுத்துக்கொண்டு போவார்கள்? பாட்டில் முதல் சரணம் முடிவதற்குள் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டாய். இன்னும் மூன்று சரணம் பாக்கி. கண்ணாடி டீச்சர் எங்களைப் பார்த்துக்கொண்டே அத்தனையையும் பாடி முடித்தாள். சரக்கு வண்டிதானே ஓட்டுகிறாய், எக்ஸ்பிரஸ் வேகம் எங்கே கற்றுக்கொண்டாய்?

விருந்து முடிந்து எல்லாரும் போனார்கள். மணி மூன்று இருக்கும். சாயங்காலப் பூசை திருவருகைக் காலத்தின் முதல் பூசை. கோயில் முழுக்க என் கல்யாணத்து வெள்ளைப் பூக்கள். யாராவது எடுத்துவிட்டு ஊதா விரிக்க வேண்டும். ஃபாதர், "இன்னிக்கு மட்டும் நீங்க போங்கம்மா, வேற யாரையாவது பார்த்துக்கிறேன்" என்றார். வேறு யாருக்கு அந்தத் துணியின் மடிப்புத் தெரியும்? கல்யாண உடுப்புக்கு மேலேயே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். அவர் கோட்டைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டு ஏணியைக் கொண்டுவந்தார். பூச்சரங்களை அவர் அவிழ்த்துக் கொடுக்க, நான் வாங்கி வைத்தேன். பீடத் துணியை ஒரு முனையில் அவரும் மறுமுனையில் நானும் பிடித்து விரித்தோம். இத்தனை வருடம் அந்தத் துணியைத் தனியாகத்தான் விரித்திருக்கிறேன். ஒரு பக்கம் இழுத்துவிட்டு, ஓடிப்போய் மறுபக்கம் இழுத்துவிட்டு. இரண்டு பேர் பிடித்தால் அது காற்றில் எழும்பி ஒரே தடவையில் படிந்துவிடுகிறது என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றினோம். தோள்பட்டை ஓட்டை வெளியே தெரிந்தது. ஃபாதர் அன்றைக்குப் பார்த்துக் கையை நன்றாக உயர்த்திவிட்டார்.

அவர் வீட்டில் நிறைய ரேடியோ. எல்லாம் அரைகுறையாகத் திறந்து கிடக்கின்றன. காலையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்து, முகம் தெரிகிற மாதிரிப் பேசுகிறார். சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் என்ன பேசுகிறார் என்றால், "டீ ஆறிடும்" என்கிறார். சரி, மெதுவாக வரட்டும்.

அவருக்கு உன்மேல் ஒரு சின்ன வருத்தம். என்னிடம் நேரடியாகச் சொல்லவில்லை, நானாகப் பிடுங்கினேன். கல்யாணத்தன்று நீ அவரை வாய்க்கு வாய் "சார், சார்" என்று கூப்பிட்டாயாம். "எங்கிட்ட மின்விசிறி பழுது பார்க்க வந்தவர் மாதிரி இருந்துச்சு" என்கிறார். அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அவரை முறை சொல்லிக் கூப்பிட ஆளே இருந்ததில்லையாம்.

நான் எதுவும் சொல்லவில்லை. நீ பெரியவன், உனக்குத் தெரியும்.

அக்கா


டிசம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இதை இரண்டு பேரும் சேர்ந்து படிக்கவும். அத்தான் உரக்கப் படித்தால் அக்காவுக்கும் ஒரு வேலை மிச்சம்.

இங்கே எங்கள் பங்கிலும் இரண்டாவது மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. வீட்டுக்காரியின் முதுகுவலி குறைந்துவிட்டது. இந்த முறை எழுத மறக்கவில்லை, பார்த்தாயா? டிரைவர்கள் ஓய்வறையில் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன். புதிதாக வந்த பையன் ஒருவன், "அக்காவுக்கு ரெண்டாவது கல்யாணமா?" என்றான். "முதல் கல்யாணம்தான்பா. எங்க அக்கா எதையும் அவசரப்பட்டுச் செய்யமாட்டாங்க" என்றேன். கார்டு டீயைத் துப்பிவிட்டார்.

வக்கீலம்மா தன் புது மாமாவுக்கு ஒரு பழைய டேப்ரிக்கார்டர் அனுப்புகிறாளாம். சந்தையில் கண்டெடுத்தாள். ஓடாது. "அதனாலதான் அனுப்புறேன், ஓடினா அவருக்கு என்ன சந்தோஷம்?" என்கிறாள்.

அத்தான், உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. வருகிற ஞாயிறு எனக்கு உங்கள் ஊர் வழியாக வண்டி. காலைப் பூசை முடிந்து நீங்கள் எல்லாரும் கோயில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கிற நேரமாக இருக்கும். சரக்கு வண்டி, நிற்காது. கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ரயில்வே கேட்டைத் தாண்டும்போது வழக்கமாகச் சுருக்கமாகத்தான் ஹாரன் கொடுப்போம். அன்றைக்கு நான் கொஞ்சம் நீளமாகக் கொடுப்பேன்.

அக்காவுக்குக் கேட்காது. நீங்கள் சொல்லிவிடுங்கள்.

தம்பி